யசோதை கட்டிய கயிறு, நந்தகோபர் அவிழ்த்த கயிறு

தயிர்த்தாழியை உடைத்துவிட்டு ஓடிய கண்ணனை யசோதை உரலோடு கட்ட முயன்ற திருக்கதையை அறியாதார் இலர். எத்தனை கயிறுகளை இணைத்தாலும் இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே இருந்தது. அன்னை வியர்த்துக் களைத்ததைக் கண்டு இரங்கிய பின்னரே பரம்பொருள் அக்கயிற்றுக்குள் அடங்கினான்; தாமோதரன் என்னும் திருநாமமும் பெற்றான்.

இதன் பிற்பகுதியும் நினைக்கத்தக்கது. உரலை இழுத்துச் சென்ற குழந்தை இரட்டை மருத மரங்களைச் சாய்த்தான். பேரோசை கேட்டு ஆயர்கள் அஞ்சி ஓடிவந்தனர். நந்தகோபரோ மகனைக் கடிந்துகொள்ளவில்லை. புன்முறுவலுடன் கட்டை அவிழ்த்துவிட்டார் என்கிறது ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம்.

கட்டியதும் அன்பே, அவிழ்த்ததும் அன்பே. இவ்விரண்டும் ஒருசேரத் தேவைப்படும் குழந்தைகள் இன்றும் உள்ளனர்.

விபத்தில் தந்தையை இழந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். பள்ளியில் ஓரிடத்தில் அமரமாட்டான். சொன்னதை மறுகணமே மறப்பான். கோயில் பிராகாரத்தில் ஓடுவான். திருவிழாவில் வெடி வெடித்தால் தாயின் சேலைக்குள் ஒளிந்து நடுங்குவான். “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்” என்னும் ஊராரின் சொல் தாயின் நெஞ்சைத் துளைக்கும். அடித்தால் அடங்குவான் என்று உறவினர் கூறுவர்.

இத்தகைய நடத்தைக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்று, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைத்துடிப்புக் குறைபாடு. இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு, வளர்ப்பின் குற்றமன்று. இதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது 6 மாதங்களேனும் நீடிக்கும். மற்றொன்று, மன அதிர்ச்சியின் வடு. துயர நிகழ்வுக்குப் பிறகு கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல் ஆகியவை தோன்றினால் இதனை ஐயுற வேண்டும். ஆபத்து வருமோ என்று எந்நேரமும் விழித்திருக்கும் மனம் பாடத்தில் எவ்வாறு பதியும்? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே குழந்தையிடம் இரண்டும் இருக்கவும் கூடும். பிரித்தறிவது மருத்துவரின் பணி.

இல்லத்தார் செய்யத்தக்கவை பல. முதலில் யசோதையின் கயிறு, அதாவது ஒழுங்கு. எழுவதும், உண்பதும், விளக்கேற்றுவதும், உறங்குவதும் நாள்தோறும் ஒரே வரிசையில் அமையட்டும். “குளித்து, உடுத்தி, பையை எடுத்து வா” என்று அடுக்காமல், அருகில் சென்று, கண் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்ல வேண்டும். முடித்தவுடனேயே பாராட்ட வேண்டும்; மாலை வரை தள்ளிவைத்த பாராட்டு இக்குழந்தைகளிடம் பயன் தராது. வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே ஓடியாட விடலாம்.

அடுத்தது நந்தகோபரின் கை, அதாவது அச்சத்தை அவிழ்த்தல். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. குழந்தை தானே பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அழுகையும் சினமும் பொங்கும் வேளையில் அறிவுரை செவியில் ஏறாது. பெரியவர் முதலில் தாம் அமைதியடைந்து, “நான் இங்கேயே இருக்கிறேன்” என்று அருகில் அமர்வதே மருந்து. அஞ்சிய பிள்ளைக்கு அடி மேலும் ஓர் அதிர்ச்சியாகும். வெளியே செல்லும் தாய், திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிச் சென்று, அவ்வாறே வருவதும் சிகிச்சையைப் போன்றதே.

ஆலயத்திற்கும் இதே நெறி பொருந்தும். கூட்டமும் வெடியோசையும் மிகுந்த நாளைத் தவிர்த்து, அமைதியான காலை வேளையில் அழைத்துச் செல்லலாம். சும்மா நிற்கச் சொல்வதை விட, பூக்கூடையைச் சுமக்கவும், வலம் வரும் சுற்றுகளை எண்ணவும் பணிக்கலாம். கைக்கு வேலை கிடைத்தால் கால் தானே நிற்கும்.

விபூதியிட்டு வேண்டிக்கொள்வது குடும்பத்திற்கு மனவலிமை தரும். ஆயினும் அதைக் காரணமாக்கி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுதல் தகாது. குழந்தை மருத்துவரோ மனநல மருத்துவரோ பரிசோதித்து வழிகாட்டுவார். மருந்து தரப்பட்டால் தாமாக நிறுத்தக் கூடாது. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். பிள்ளைக்காக மட்டுமன்று, களைத்துப்போன தாயும் தமக்காகவே அழைக்கலாம்.

யசோதையும் களைத்தாள். அக்களைப்பைக் கண்டே கண்ணன் கட்டுண்டான். பிள்ளைக்காக வியர்த்து நிற்கும் தாயைக் காண்போர், குறைகூறும் நாவை அடக்கி, ஒரு நாழிகை அந்தப் பிள்ளையின் கைப்பிடித்துப் பிராகாரம் வலம் வந்தால், அதுவும் தாமோதரனுக்கு உகந்த வழிபாடே.