பட்டா நிலத்தில் பிடித்தாலும் குற்றமே

"காட்டுக்குள் பிடித்தால்தானே குற்றம்? இந்த உடும்பு நம்ம தோட்டத்தில் கிடந்தது" என்று நினைப்பவர்கள் பலர். அந்த நினைப்பு சிறை வரை கொண்டுபோய்விடும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயிரினத்தைத்தான் பார்க்கிறது. அது நிற்பது காப்புக்காடா, மானாவாரி நிலமா, வேலியோரமா என்று பார்ப்பதில்லை.

திண்டுக்கல்லில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண் தரையும் கரடுகளும் முள்வேலிகளும் பெரும்பாலும் வனத்துறை எல்லைக்கு வெளியே கிடப்பவை. உடும்பு போன்ற ஊர்வனவற்றுக்கு வீடே அந்த நிலம்தான்.

இப்படிப்பட்ட வறண்ட முள்புதர்களில் வாழும் நட்சத்திர ஆமையின் நிலை கவலைக்குரியது. உலகச் சிவப்புப் பட்டியலில் அது 'அழிவாய்ப்பு' இனம். ஆந்திர, கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வணிக மையத்துக்காக ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. மெதுவாக வளர்ந்து, சில முட்டைகளே இடும் உயிர் இந்தச் சூறையை எப்படித் தாங்கும்? 2019-இல் இதன் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொன்ன ஊரில், இன்று அதையே அதிர்ஷ்டம் என்று விற்கிறார்கள். உலக அளவிலும் ஊர்வனவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அழிவு ஆபத்தில் இருப்பதாக 2022-இல் வெளியான மதிப்பீடு சொன்னது. ஆமைகளில் அது பாதிக்கும் மேல்.

உடும்பும் மலைப்பாம்பும் அதே சிவப்புப் பட்டியலில் ஒரு படி கீழே, ஆபத்தை நெருங்கும் நிலையில் உள்ளன. ஆனால் நம் சட்டத்தில் நட்சத்திர ஆமையோடு இவையும் முதல் அட்டவணையில்தான் வருகின்றன. பிடிப்பது, கொல்வது, கறி தின்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உடும்புக் கறி நோய் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்றில்லை. அதை நம்பி வாங்கியவரும் வழக்கில் சிக்குவார்.

உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காப்புக்காகத் தாக்குவதைச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் வழியில் போகும் உடும்பை அடித்துவிட்டு அந்த உரிமையைச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள், எண் 101. யாராவது ஆமை விற்பதைக் கண்டால் திண்டுக்கல் மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். துப்புக் கொடுத்தவருக்கு வெகுமதி தரவும் சட்டத்தில் இடமுண்டு. ஏற்கெனவே வீட்டில் ஆமை இருந்தால், இரக்கப்பட்டு ஏதோ ஒரு கரட்டில் விட்டுவிடாதீர்கள். நோய் பரவக்கூடும். வனத்துறையிடமே ஒப்படையுங்கள்.

இந்த உயிர்களைக் காக்க இன்னொரு வழியும் நம் கையில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் அதைக் கேளுங்கள். உங்கள் ஊர்க் கரடும் அதில் வாழும் உடும்பும் அந்தப் பதிவேட்டில் ஏறும் வரை விடாமல் கேளுங்கள்.