வாகனத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லல் (இந்தியா)

இந்தியாவில் வாகனத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லுதல் படைக்கலச் சட்டம், 1959 மற்றும் படைக்கல விதிகள், 2016 ஆகியவற்றால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாகும். சொந்த மகிழுந்து என்பதால் விலக்கு கிடையாது.

உரிமம்

விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். மாவட்ட ஆட்சியரும், காவல் ஆணையர் உள்ள மாநகரங்களில் அவ்வாணையரும் உரிமம் வழங்குவர். எடுத்துக்காட்டாக, ஆவூரில் வசிப்பவர் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியரிடமும், திருச்சிராப்பள்ளி மாநகரில் வசிப்பவர் அம்மாநகரக் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறையின் அறிக்கை கோரப்படும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை 3 இலிருந்து 2 ஆகக் குறைத்தது. உரிமக் காலத்தை 3 இலிருந்து 5 ஆண்டுகளாக உயர்த்தியது.

பயணத்தின்போது

உரிமம் செல்லுபடியாகும் நிலப்பகுதி அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்திற்கு மட்டும் பெற்ற உரிமத்துடன் திருச்சிராப்பள்ளிக்குத் துப்பாக்கியைக் கொண்டு செல்வது நிபந்தனை மீறலாகும். இதற்கு 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுதும் மறைக்கப்பட்டு, உரிமதாரரின் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். அதனை வண்டியில் விட்டு இறங்கிச் சென்றால் அக்கட்டுப்பாடு இல்லாமற் போகிறது. தேர்தல் காலங்களில் துப்பாக்கியை ஒப்படைக்குமாறு ஆணையிடப்படலாம்.

தற்காப்பு

உரிமம் என்பது சுடுவதற்கான அனுமதி அன்று. தற்காப்புரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கு விளைவிக்க அவை இடமளிப்பதில்லை. எனவே உரிமதாரர் சுட்டது முறையா என்பது தனியே ஆராயப்படும்.