பனியன் கூடங்களுக்குத் தூசியற்ற தரை

திருப்பூரைச் சுற்றியுள்ள அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர்ப் பகுதிகளில் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று பனியன் கூடங்கள் நிற்கின்றன. கிணறு வற்றிய நிலத்தில் கட்டடம் எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கும் விவசாயிகளும் பலர் உண்டு. இவர்கள் கூரையைக் கவனிக்கும் அளவுக்குத் தரையைக் கவனிப்பதில்லை. தரையிலிருந்து கிளம்பும் சிமெண்டுத் தூசி துணியில் படிந்தால் சரக்குக் கழிக்கப்படும்; வாடகைக்கு இருப்பவரும் வேறு கட்டடம் தேடிச் சென்றுவிடுவார்.

தூசிக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரே. கலவையில் நீரை மிகுதியாக ஊற்றினால் நுண்துகள்கள் நீரோடு மேலெழுந்து வலுவற்ற ஏடாகப் படிகின்றன. போதிய நாட்கள் ஈரம் காக்காமல் விட்டால் அந்த ஏடு பெருக்கப் பெருக்க உதிரும். அதன்மேல் சிமெண்டுப் பால் பூசுவது வீண் செலவாகும். ஏட்டைத் தேய்த்து நீக்கிக் கெட்டியான பாகத்தை வெளிக்கொணர்வதே முறை. அதற்கே இந்த யந்திரம்.

மொசைக் தரைக்குக் கல் போட்டுத் தேய்ப்பதை நம் அன்பர்கள் கண்டிருப்பார்கள். இதுவும் அவ்வகையினதே, ஆனால் சாணைக்கல்லுக்குப் பதிலாக வைரத்துகள் பதித்த துண்டுகள் சுழல்தட்டுகளில் பொருத்தப்படுகின்றன. கான்கிரீட் போட்டு 28 நாட்கள் ஆகும்முன் யந்திரத்தை ஏற்றலாகாது. முதலில் தரையைப் பெருக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கம்பிகளை அறுத்துவிட வேண்டும். வெடிப்புகளையும் அடைத்துக் காயவிட வேண்டும். ஒரே கம்பி முனை விலையுயர்ந்த துண்டைப் பெயர்த்துவிடும்.

பெரிய யந்திரங்கள் மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. விவசாய இணைப்பிலிருந்து இதற்கு மின்சாரம் எடுப்பது சட்டவிரோதம். நீரோடு வேலை செய்வதால் எர்த் கம்பியும், கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். கேபிளை நீரில் கிடத்தாது தோளிலோ கொக்கியிலோ தாங்கச் செய்க. துண்டுகளை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

துண்டைத் தேர்வதில்தான் அனுபவம் தெரியும். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் சிறிது சிறிதாகத் தேய்ந்தால்தான் புதிய வைரமுனை வெளிவரும். ஆகவே கடினமான தரைக்கு மென்மையான பிடிப்புள்ள துண்டும், மென்மையான தரைக்குக் கடினமான பிடிப்புள்ள துண்டும் ஏற்றவை. இது தலைகீழாகத் தோன்றினும் உண்மை. மாற்றிப் போட்டால் முன்னதில் யந்திரம் வழுக்கி ஓடும், தேயாது. பின்னதில் துண்டு விரைவில் கரைந்துவிடும். சந்தேகமிருப்பின் மூலையில் இரண்டு சதுர அடி தேய்த்துப் பார்ப்பது நன்று. தட்டுகளிலுள்ள துண்டுகள் யாவும் ஒரே உயரமாக இருத்தல் வேண்டும். இன்றேல் யந்திரம் துள்ளும்.

30ஆம் எண்ணில் தொடங்கி 60, 120 என ஏற வேண்டும். நேரம் மிச்சமாகுமென்று இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் முன் கீறல்கள் மெருகின் அடியில் நிலைத்துவிடும். சுழலும் யந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே குழி விழும்; உழவுச் சால் போல ஒன்றின்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு நகர்த்துக. அடுத்த எண்ணைக் குறுக்குத் திசையில் ஓட்டுக. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் தரையைக் கழுவுதல் அவசியம். 120க்குப் பின், தரை காய்ந்ததும், சிலிகேட் திரவம் தடவினால் அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து துளைகளை இறுக்கும். மறுநாள் பிசின் தகடுகளால் 200, 400 வரை தேய்த்தால் கூடத்திற்குப் போதும். முகம் பார்க்கும் பளபளப்பு பகட்டே. எண்ணெய் சிந்தினால் வழுக்கவும் செய்யும். கொப்பரை உலர்த்தும் களத்தை மெருகேற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், மழையில் கால் வழுக்கும், பணமும் வீண்.

இனிச் சொல்வதை ஊராட்சி உறுப்பினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உலர்வாகத் தேய்க்கும்போது மணலிலும் ஜல்லியிலுமுள்ள சிலிகா கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. கூலிக்காரர் வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது அத்தூளைத் தடுக்காது. நீரூற்றித் தேய்ப்பதே நல்லது. இயலாவிடில் தூசி உறிஞ்சும் கருவியும், நுண்தூளைத் தடுக்கும் முகமூடியும் இன்றி வேலையை அனுமதிக்கலாகாது.

நீரூற்றினால் சேறு மிஞ்சும். அது காரத்தன்மை உடையது. சாக்கடையில் விட்டால் இறுகி அடைக்கும், தென்னந்தோப்பில் விட்டால் மண்ணைக் கெடுக்கும். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இவ்வட்டாரம் மறந்திருக்க முடியாது. சேற்றை ரப்பர் துடைப்பானால் கூட்டிப் பீப்பாய்களில் தெளிய விட்டு, தெளிந்த நீரை மீண்டும் தேய்ப்புக்கே பயன்படுத்துக. அடியில் தங்கியதைக் காயவைத்துக் கட்டட இடிபாடுகளோடு அப்புறப்படுத்தலாம். வேலையை ஒப்பந்தத்திற்கு விடுவோர், இச்சேற்றை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.