இடுப்பில் செருகியதும் மேஜையில் விரித்ததும்

காமிக்ஸை மேஜை மேல் விரித்து வைத்துப் படிக்கும் காலம் வந்துவிட்டது. மல்லாந்து படுத்துக்கொண்டு படிக்கலாம் என்றால், கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலி எடுக்கிறது. கெட்டி அட்டை, தையல் பைண்டிங், வழவழப்பான தாள், மேலே பிளாஸ்டிக் உறை. விலையைப் பார்த்தால் ஒரு நல்ல வேட்டி எடுத்துவிடலாம். சிவகாசியிலிருந்து வேதாளர், மாண்ட்ரேக் தொகுப்புகள் கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தபோது வீட்டில் எல்லாரும் ஏதோ மிக்ஸி ஜார் என்றுதான் நினைத்தார்கள்.

இதே வேதாளர், இதே மாண்ட்ரேக், எண்பதுகளில் எங்கள் ஊரான அரிமளத்துப் பையன்களின் டவுசர் இடுப்பில் செருகும் அளவில் இருந்தார்கள். சட்டையை இறக்கி விட்டால் வெளியே தெரியாது. வகுப்பில் வரலாற்றுப் புத்தகத்துக்குள் அடங்கும், ஏனென்றால் வரலாற்றுப் புத்தகம் பெரிது. அறிவியல் நோட்டுக்குள் வைத்தவன் மாட்டிக்கொள்வான். தாள் சாணிப் பேப்பர். ஈரக் கையால் தொட்டால் மை ஒட்டும். பின் அடித்த இடத்தில் துரு ஏறி நடுப்பக்கம் முதலில் கழன்று வரும். அதனால்தான் எங்கள் ஊரில் சுற்றிவந்த பெரும்பாலான கதைகளுக்கு நடுவில் ஒரு தாள் இருக்காது. வில்லன் எப்படிப் பிடிபட்டான் என்பதை ஏற்கெனவே படித்தவன்தான் வாயால் சொல்ல வேண்டும். சொல்பவன் கொஞ்சம் கூட்டியே சொல்வான்.

அரிமளத்தில் காமிக்ஸுக்கென்று கடை கிடையாது. புதுக்கோட்டைக்கோ காரைக்குடிக்கோ போகிற யாராவது பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி வந்தால் உண்டு. ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய்தான் என்றாலும் அது பெரிய பணம். வாங்கியவன் ஒருவன், படித்தவர்கள் இருபது பேர். மடத்துத் திண்ணையிலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ ஒருவன் பக்கம் புரட்ட, தோள் மேல் மூன்று தலை எட்டிப் பார்க்கும். வேகமாகப் படிக்கிறவன் "திருப்புடா" என்பான். எழுத்துக் கூட்டுகிறவன் "இருடா" என்பான். சுமாரான கதை இரண்டுக்கு ஒரு மாயாவி என்று பண்டமாற்றும் நடந்தது. பெண் பிள்ளைகளுக்கு இந்தத் திண்ணையில் இடமில்லை. அண்ணன் தூங்கிய பிறகு தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்த அக்காமார்கள் பலர் இப்போதுதான் அதைச் சொல்கிறார்கள்.

மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. 1972 ஜனவரியில் சிவகாசியில் எம்.சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே அவன்தான். அப்போது பொறுப்பாசிரியர் முல்லை தங்கராசன். மாயாவியான லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலது கை போய் இரும்புக் கை பொருத்தியவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அந்தக் கை மட்டும் காற்றில் மிதக்கும். 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய கதை அது; வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ. அங்கே பையன்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் என்று படித்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தார்கள். இங்கே நமக்கு ஒரு கதை முழுசாக ஒரே புத்தகமாகக் கிடைத்தது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் எந்தக் கதை முதல், எந்தக் கதை அடுத்தது என்பது யாருக்கும் தெரியாது. கைக்கு எது கிடைத்ததோ அதுதான் முதல் பாகம்.

தொகுப்பு நூல் என்ன மாற்றியது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வரிசையைத்தான். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ்களின் உரிமையை வாங்கிய ரிபெல்லியன் நிறுவனம் 2021-ல் இரும்புக்கை மாயாவியின் ஆரம்பக் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும், எங்கள் இன்னொரு நாயகன் ஸ்பைடரின் கதைகளை இன்னொரு நூலாகவும் கொண்டுவந்தது. தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. நாம் கொண்டாடிய இரண்டு பேருமே முதலில் அயோக்கியர்கள். கிராண்டேல் மறையும் சக்தி கிடைத்தவுடன் திருடுகிறான். நியூயார்க் நகரத்தையே மிரட்டுகிறான். பிறகுதான் திருந்தி உளவாளியாகிறான். ஸ்பைடரோ குற்றச் சக்கரவர்த்தி ஆவதையே லட்சியமாக வைத்திருந்தவன். பூட்டுத் திறக்க ராய் ஆர்டினி, கருவி செய்ய புரொபசர் பெல்ஹாம் என்று இரண்டு கையாட்களைச் சேர்த்துக்கொண்டு கொள்ளையில் இறங்குகிறான். உதிரி உதிரியாகப் படித்த எங்களுக்கு இந்த மாற்றம் பிடிபடவே இல்லை. ஒரு வாரம் நல்லவன், அடுத்த வாரம் திருடன். சரி, ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவோம்.

ஸ்பைடர் பற்றி இன்னொன்று. டெட் கோவன் உருவாக்கி ரெக் பன் வரைந்த அந்தக் கதையைச் சில மாதங்களிலேயே வேறொருவர் எழுத வந்தார். அவர் ஜெர்ரி சீகல், 1938-ல் வெளியான சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேன் உரிமைக்காக வழக்குப் போட்டு, அமெரிக்கக் கம்பெனியோடு உறவு முறிந்த நிலையில், அவர் கடல் தாண்டி ஓர் ஆங்கிலேயப் பத்திரிகைக்கு எழுதினார். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தபோது அதே ஸ்பைடர் தமிழ்ப் பையன்களின் தலைவன் ஆனான். சூப்பர்மேனின் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த எங்கள் திருமயம் தாலுகாப் பிள்ளைகள், அவனைப் படைத்தவரின் பிற்காலக் கதைகளைத் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இதழ்களில் எழுதியவர் பெயரை நாங்கள் தேடியதும் இல்லை. இன்றைய தொகுப்பில் முதல் பக்கத்திலேயே எழுத்தாளர், ஓவியர், எழுத்துப் பொறித்தவர் வரை பெயர் இருக்கிறது. இது நியாயமான மாற்றம்.

படிக்கும் சுகம் கூடியதா? அதைச் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரா வாரம் வந்த கதையை மொத்தமாகச் சேர்த்தால் அதன் தையல் எல்லாம் வெளியே தெரியும். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை கிராண்டேல் ஏன் மறைகிறான் என்ற விளக்கம் வருகிறது. போன வாரம் படிக்காதவனுக்காக எழுதியது அது, எனக்கு எதற்கு? உலகத்தைப் பிடிக்கக் கிளம்பும் விஞ்ஞானிகள் அடுத்தடுத்து வரும்போது மூன்றாவது ஆளிடம் பயம் போய்விடுகிறது. வேதாளர் தொகுப்பும் அப்படித்தான். 1936-ல் லீ பாக் தொடங்கிய நாளிதழ்க் கதை. உடம்போடு ஒட்டிய உடை, முகமூடிக்குள் கருவிழி இல்லாத கண் என்று பின்னால் வந்த சூப்பர் ஹீரோக்களுக்கெல்லாம் தோற்றம் வகுத்துக் கொடுத்தவர். ஒரே மூச்சில் படித்தால் அவருடைய மண்டையோட்டுக் குகை நம் வீட்டுக் கொல்லை மாதிரி பழகிவிடுகிறது. ஓர் இரவுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டால்தான் ருசி.

இந்தப் புத்தகங்கள் எப்படிக் கெட்டி அட்டைக்கு வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1984-ல் லயனும் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் போட்டி போட்டு வந்தன. லயனைத் தொடங்கிய எஸ்.விஜயன், சௌந்திரபாண்டியனின் மகன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ராணி காமிக்ஸ் ஐந்நூறு இதழ் கண்டு 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் அந்தப் பத்தாண்டில் எப்போது வரும் என்றே தெரியாமல் தத்தளித்தன. கேபிள் டி.வி. வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கடைக்காரர்கள் காமிக்ஸைத் தொங்கவிடும் கயிற்றில் ஷாம்பு பாக்கெட்டைத் தொங்கவிட்டார்கள். ஆனால் 2010-ல் 'இரத்தப் படலம்' தொடரின் பதினெட்டுப் பாகங்களும் எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரே புத்தகமாக வந்தபோது, பழைய வாசகர்கள் முன்பணம் கட்டி வாங்கினார்கள். 2012-ல் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற இதழ் நூறு ரூபாய் விலையில் வண்ணத்தில் வந்தது. முத்துவின் ஐம்பதாம் ஆண்டான 2022-ல் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் எல்லாம் 'ஸ்மாஷிங் செவன்டீஸ்' என்ற வரிசையில் தொகுப்புகளாயின. கயிற்றில் தொங்கிய சரக்கு, பெரும்பாலும் முன்பதிவு செய்தவருக்காக அச்சாகும் சரக்காக மாறியது. திண்ணையில் தோள் மேல் எட்டிப் பார்த்தவர்களுக்கு இப்போது சம்பளமும் கிரெடிட் கார்டும் இருக்கின்றன. காமிக்ஸ் பிழைத்தது அவர்களால்தான். அதனாலேயே அது ஐம்பது வயதுக்காரர்களின் பண்டமாகவும் ஆகிவிட்டது. என் தொகுப்பை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. உங்களில் எத்தனை பேர் கொடுக்கிறீர்கள்?

ஊருக்குப் போனபோது தங்கை மகனிடம் மாயாவியைக் காட்டினேன். ஏழாம் வகுப்பு. அயர்ன்மேன், தோர் எல்லாரையும் தமிழ் பேசும் படங்களில் பார்த்துக் கரைத்துக் குடித்தவன். நாலு பக்கம் புரட்டினான். "மாமா, கரன்ட் கட் ஆனா இவன் என்ன பண்ணுவான்?" என்றான். எண்பதுகளின் அரிமளத்தில், சாயங்காலம் ஆனால் விளக்கு அழுது வடியும் ஊரில், எங்களில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. பிளக்கில் விரலை விட்டுப் பார்க்கலாமா என்றுதான் தோன்றியது. பையன் கேள்வியோடு புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வயதுக்கும் பைக்கும் ஏற்ற விலையில், அவன் ஊரைப் போன்ற ஓர் ஊர் வரும் படக்கதை ஏதாவது கடையில் தொங்குகிறதா? பள்ளிக்கல்வித் துறையின் ஊஞ்சலும் தேன்சிட்டும் பள்ளிக்கு வருகின்றன, நல்லது; ஆனால் சட்டைக்குள் மறைத்துப் படிக்கும் புத்தகத்தை அரசாங்கம் அச்சடிக்க முடியாது.

இதில் வேடிக்கை, அப்படிப்பட்ட கதைகளை எழுதியவர் பிறந்ததே அரிமளத்தில்தான். வி.கிருஷ்ணமூர்த்தி, 1925-ல் பிறந்தவர். பெரியவர்களுக்குக் கௌசிகன், பிள்ளைகளுக்கு வாண்டுமாமா. கல்கி நிறுவனம் 1972-ல் கோகுலம் என்ற சிறுவர் இதழைத் தொடங்கியபோது அதற்கு உரு கொடுத்தவர். முத்து காமிக்ஸ் பிறந்த அதே ஆண்டு. 1984-ல், லயனும் ராணியும் வந்த அதே ஆண்டில், பூந்தளிரின் ஆசிரியரானார். கபீஷ் குரங்கும் வேட்டைக்கார வேம்புவும் சுப்பாண்டியும் தமிழ் பேசியது அந்தப் பத்திரிகையில். வெளியூர்ச் சரக்கோடு நிற்காமல், ஓவியர் செல்லம் போன்றவர்களை வைத்து நம் ஊர்ப் பையன்கள் சாகசம் செய்யும் சித்திரக்கதைகளையும் எழுதினார். தொண்டைப் புற்றுநோயில் பேச்சுப் போன பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். 2014-ல் காலமானார். அரிமளத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ராயவரம், அழ.வள்ளியப்பாவும் சிறுவர் இதழ்களும் வெளியிட்ட சக்தி வை.கோவிந்தனும் பிறந்த ஊர். வள்ளியப்பாவும் பின்னாளில் கோகுலத்துக்கு ஆசிரியர் ஆனார். ஒரே தாலுகா தமிழ்க் குழந்தைப் பத்திரிகைக்கு இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து மாயாவிக்காக அடித்துக்கொண்ட எங்களிடம், பூந்தளிர் ஆசிரியர் உங்கள் ஊர்க்காரர் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

இங்கேதான் தொகுப்பு நூல் ஓரவஞ்சனை செய்கிறது. லண்டனில் வெளிவந்த கதைக்கு உரிமைக்காரர் இருக்கிறார், பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறார், கேட்டால் கோப்பு அனுப்புவார், தமிழில் அச்சாகிறது. இங்கே எழுதி இங்கே வரைந்ததற்கு மூல ஓவியம் பெரும்பாலும் அச்சகத்தோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது அச்சான இதழ் மட்டும். அதுவும் வாரப் பத்திரிகைத் தொடராக வந்திருந்தால், ஓர் இதழ் குறைந்தாலும் கதை அறுந்துபோகும். வாண்டுமாமாவின் உரைநடைப் புத்தகங்கள் அவ்வப்போது மறுபதிப்பாகின்றன. அவருடைய சித்திரக்கதைகளுக்கு, மாயாவிக்கும் வேதாளருக்கும் கிடைத்தது போன்ற கனமான, வரிசைப்படுத்திய, ஓவியர் பெயர் போட்ட தொகுப்பு வேண்டும். அதற்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்பதை இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன. பிறகு அதே கதைகளை மலிவுத் தாளில், ஒரு கதை ஒரு புத்தகமாக, பையன்கள் கைக்கு எட்டும் விலையில் போடலாம்.

ஆகவே அரிமளம், ராயவரம், கடியாபட்டி, திருமயம் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைப் பிரிக்கும்போதோ வெள்ளையடிக்கும்போதோ பரணில் கோகுலம், பூந்தளிர், பைண்டு செய்த கல்கி ஏதாவது கிடைத்தால், அட்டை போயிருந்தாலும் கரையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும், எடைக்குப் போடாதீர்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. சென்னையில் கோட்டையூர்க்காரர் பெயரால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே ஒரு தகவல் சொல்லிவிட்டு, பிறகு பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுங்கள்.