மீட்டமைத்தலும் மீட்டெடுத்தலும்: மலையகத்தில் தொலையும் கடவுச்சொற்கள்

மலையகப் பெருந்தோட்ட மக்களின் வரலாற்றில் ஆவணம் என்பது வெறும் கடதாசியன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டில் பிறந்தமைக்கான தலைமுறைச் சான்றுகளைக் கோரியபோது, அவற்றைக் காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாயினர். அந்நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே பெருமளவில் முடிவுக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் லயன் அறையின் தகரப் பெட்டியில் ஏன் அத்துணைப் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படுகின்றன என்பதை இவ்வரலாற்றை அறிந்தோர் எளிதில் உணர்வர்.

இன்று அந்த ஆவணங்களின் ஒரு பகுதி தகரப் பெட்டியில் இல்லை. கடவுச்சொல்லின் பின்னால் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தின் ஊடாகவே ஏற்கப்படுகிறது. உம்ராப் பயணத்துக்குச் செல்வோர் சவூதி அரேபியா 2022இல் ஆரம்பித்த 'நுசுக்' தளத்தை நாட வேண்டியுள்ளது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் தொழில் புரிவோர் வீட்டுக்கு அனுப்பும் பணமும் பல வேளைகளில் வங்கியின் இணையக் கணக்கினூடாகவே வந்து சேர்கிறது. இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

மலையகத்தில் இணையம் தனியொருவரின் உடைமையாக அன்றி, பலர் பகிரும் வசதியாகவே அறிமுகமாயிற்று. 2005ஆம் ஆண்டளவில் தொடங்கி நாடெங்கும் நிறுவப்பட்ட 'நெனசல' நிலையங்களும், மக்கள் வழக்கில் 'கொமியுனிகேஷன்' எனப்படும் கடைகளும் அதற்கு வாயிலாயின. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, குடும்பத்தின் ஒரே கையடக்கத் தொலைபேசியைப் பிள்ளைகள் மாறிமாறிப் பயன்படுத்தியதையும், அலைவரிசை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறியதையும் நாம் மறந்துவிடவில்லை. பகிர்ந்து பயன்படுத்தும் இவ்வழக்கமே கடவுச்சொல் தொலையும்போது சிக்கலைப் பன்மடங்காக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருத்திற் கொள்வோம். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த தோட்டத்து மாணவி ஒருவர் ஹட்டன் நகரக் கடையொன்றில் விண்ணப்பிக்கிறார். மின்னஞ்சலைக் கடைக்காரரே உருவாக்கிக் கொடுக்கிறார். கடவுச்சொல் கடைக் கணினியின் உலாவியிலேயே சேமிக்கப்படுகிறது. சில வாரங்களின் பின்னர், தேவையற்ற விளம்பரங்கள் தோன்றுகின்றன என்பதற்காக அந்த உலாவி மீட்டமைக்கப்படுகிறது. மாணவி மீண்டும் வரும்போது கணக்குத் திறக்கவில்லை. கடவுச்சொல்லை எவரும் எழுதி வைத்திருக்கவுமில்லை. விண்ணப்ப முடிவுத் திகதியோ நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கு முதலில் நீக்கப்பட வேண்டியது ஒரு சொற்குழப்பமாகும். கணினிகளினதும் கைத்தொலைபேசிகளினதும் தமிழ்த் திரைகளில் 'மீட்டமை' என்னும் சொல், அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டு செல்லுதல் என்ற பொருளிலேயே வழங்கப்படுகிறது. இழந்ததைத் திரும்பப் பெறுதல் 'மீட்டெடுத்தல்' ஆகும். ஓசையில் நெருங்கிய இவ்விரு சொற்களும் பயனில் ஏறத்தாழ எதிரானவை. தொலைந்ததைத் தேடுபவர் 'மீட்டமை' என்பதை அழுத்தினால் நிலைமை மேலும் மோசமாகலாம்.

ஆயினும், உலாவியை மீட்டமைப்பதால் மாத்திரம் கடவுச்சொற்கள் அழிவதில்லை என்பது ஆறுதலான செய்தியாகும். குரோம், எட்ஜ் ஆகிய உலாவிகளை மீட்டமைக்கும்போது முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, நீட்சிகள் முடக்கப்படுகின்றன, குக்கிகள் எனப்படும் தற்காலிகத் தரவுகள் அகற்றப்படுகின்றன. புக்மார்க்குகளும், சேமித்த கடவுச்சொற்களும் அவ்வாறே எஞ்சியிருக்கின்றன. பயர்பொக்ஸ் உலாவியும் புதுப்பிக்கப்படும்போது கடவுச்சொற்களைத் தக்கவைப்பதோடு, பழைய தரவுகள் முழுவதையும் 'ஓல்ட் பயர்பொக்ஸ் டேட்டா' என்னும் கோப்புறையாகக் கணினியின் முகப்புத் திரையில் வைத்துவிடுகிறது. நீட்சிகளையும் விருப்பத் தெரிவுகளையும் மீண்டும் அமைக்க வேண்டியிருப்பினும், தேடவேண்டிய முதலிடம் அக்கோப்புறையே.

அவ்வாறாயின் எல்லாம் தொலைந்ததுபோல் தோன்றுவதேன்? நாம் ஏலவே உள்நுழைந்திருக்கிறோம் என்பதை இணையத்தளங்களுக்கு நினைவூட்டுபவை குக்கிகளே. அவை நீங்கியதும் ஒவ்வொரு தளமும் புதிதாகக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதனை நினைவில் கொண்டிராதவர் அது அழிந்துவிட்டதாகவே எண்ணுகிறார். எனவே பதற்றமடையாது, உலாவியின் அமைப்புகளில் கடவுச்சொற்களுக்கான பகுதியை முதலில் திறந்து பார்த்தல் வேண்டும். அங்கு காணப்படாவிடினும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை மாத இறுதியில் விண்டோஸ் கணினிகளில் குரோம் பயன்படுத்திய பலருக்கு, ஏறத்தாழ 18 மணித்தியாலங்கள் சேமித்த கடவுச்சொற்கள் தென்படவில்லை. தவறு கூகிள் நிறுவனத்தின் பக்கமே இருந்தது. அது திருத்தப்பட்டதும் அவை மீண்டும் தோன்றின.

உண்மையான இழப்பு வேறு வழிகளில் நேர்கிறது. முதலாவது, உலாவல் தரவுகளை அழிக்கும்போது கடவுச்சொற்களுக்கான கட்டத்தையும் சேர்த்துத் தெரிவு செய்தல். ஒத்திசைவு இயங்கும் நிலையில் இவ்வாறு அழித்தால், அதே கணக்குடன் இணைந்த ஏனைய சாதனங்களிலிருந்தும் அவை நீங்கிவிடும். இரண்டாவது, திருத்துநரிடம் கொடுத்த கணினியில் விண்டோஸ் முழுமையாக மீள நிறுவப்படுதல். குரோம் தன் கடவுச்சொற்களை விண்டோஸ் பயனர் கணக்கின் சாவியைக் கொண்டே பூட்டி வைப்பதால், அக்கணக்கு அழிந்த பின்னர் பழைய கோப்பை மாத்திரம் எடுத்து வைப்பதில் பெரும் பயனில்லை. பயர்பொக்ஸில் கடவுச்சொற் கோப்பும் அதற்கான சாவிக் கோப்பும் ஒருங்கே கிடைத்தால் மீட்க இயலும். கணினியைக் கையளிக்கும் முன்னரே இதைத் திருத்துநரிடம் கூறுதல் நன்று.

உலாவியின் பிரதியொன்று கூகிள் கணக்கிலோ மொசில்லா கணக்கிலோ இருக்குமாயின், அக்கணக்கில் மீண்டும் நுழைந்தாலே பெரும்பாலானவை திரும்பிவிடும். ஆனால் மொசில்லா கணக்கின் கடவுச்சொல்லையே மறந்து புதிதாக மாற்றுவோர் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். மீட்புச் சாவியோ, ஏலவே இணைந்த வேறொரு சாதனமோ இல்லாதவிடத்து, சேவையகத்திலுள்ள பிரதியைப் படிக்க இயலாது. நிறுவனத்தினரும் திறக்க முடியாதவாறு அது பூட்டப்பட்டிருப்பதே காரணமாகும்.

இனி, மின்னஞ்சலின் கடவுச்சொல்லே தொலைந்தவர் செய்யவேண்டியவை யாவை? பல கடவுச்சொற்களைத் தொடர்ந்து ஊகித்து முயலலாகாது. வீட்டிலுள்ள ஏதேனும் தொலைபேசியில் அக்கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்; இருப்பின் அதிலிருந்து வெளியேறிவிடலாகாது, அத்தொலைபேசியே உரிமைக்குச் சாட்சியாகும். வழமையாகப் பயன்படுத்திய சாதனத்திலிருந்தும் வழமையான இடத்திலிருந்தும் முயலுமாறு கூகிள் நிறுவனம் ஆலோசனை கூறுகிறது. ஆகவே ஹட்டனில் உருவாக்கிய கணக்கைக் கொழும்பில் புதிய தொலைபேசியொன்றிலிருந்து மீட்க முனைவதிலும், ஊருக்கு வந்து பழைய கணினியில் முயல்வதே சிறந்தது. மீட்பு எண்ணுக்குரிய சிம் அட்டை தொலைந்திருந்தால், எண்ணைக் கைவிடாது, அடையாள அட்டையைக் காட்டி அதே எண்ணுக்கு மாற்று அட்டை பெறுதல் வேண்டும். கைவிடப்பட்ட எண் காலப்போக்கில் வேறொருவருக்கு வழங்கப்படுவதுண்டு. இரு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை கூகிள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியுள்ளமையும் கவனிக்கத்தக்கது. ஒரு விண்ணப்பத்துக்காகத் திறந்து மறந்துவிடப்பட்ட கணக்கு, அடுத்த தேவையின்போது இல்லாமலே போயிருக்கலாம்.

மேற்கூறிய மாணவியின் சிக்கலில் உலாவியின் பங்கு சிறிது. கணக்கின் மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் எண் இருந்ததா, குடும்பத்தின் எண் இருந்ததா என்பதே அவரது நிலையைத் தீர்மானிக்கிறது. கடைக்காரர்களுள் பெரும்பாலோர் நல்லெண்ணத்துடனேயே தமது எண்ணைக் கொடுத்து உதவுகின்றனர். எனினும் கடை மாறலாம், ஊழியர் விலகலாம், உறவு கெடலாம். ஒருவரது கணக்கில் அவரது அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். ஆனால் முடிவுத் திகதிக்கு முந்திய நாளில் சட்டம் கடவுச்சொல்லைத் தேடித் தரமாட்டாது.

ஆகவே கணக்கு திறக்கப்படும் அன்றே மீட்பு எண்ணாகத் தாய் தந்தையின் நிலையான எண்ணைப் பதிவு செய்தல் வேண்டும். கடைக் கணினியில் விருந்தினர் முறையையோ மறைநிலைச் சாளரத்தையோ கேட்டுப் பெறுதலும், 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்ற வினாவுக்கு 'வேண்டாம்' எனப் பதிலளித்தலும் அவசியம். இருபடிச் சரிபார்ப்பை இயக்கினால் கூகிள் வழங்கும் 10 காப்புக் குறியீடுகளையும், மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் கொப்பியொன்றில் எழுதி வீட்டில் வைத்தலும் தவறன்று. தூரத்திலிருக்கும் திருடனிலும் அருகிலிருக்கும் மறதியே நம்மவர்க்குப் பெரும் ஆபத்தாக உள்ளது. பாடசாலைகளும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் முன்னரே இதனை மாணவர்களுக்கு ஒரு மணித்தியாலம் விளக்கினால் பல விண்ணப்பங்கள் காப்பாற்றப்படும்.

சான்று கையில் இல்லாமையால் ஒரு சமூகம் இழந்தவற்றை மலையகம் நன்கு அறியும். கடவுச்சொல்லும் அவ்வாறான ஒரு சான்றே. அது கடைக்காரரின் கணினியில் அன்றி, நமது தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழுக்கு அருகில் இருத்தல் வேண்டும்.