ஓரிரவுக்கு ஒரு கூரை

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது செல்வந்தருக்கே உரிய பேறு என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஓர் ஆசிரியன், களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளிக் கரையில் நின்று, தூரத்தே செல்லும் கப்பல்களைக் கண்டு பெருமூச்சு விடலாம்; அவ்வளவுதான். ஆயினும், ஐந்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் என்னை அக்கண்டத்தில் கொண்டு சேர்த்தது.

விசாக் கட்டணம் மட்டும் 90 யூரோ. அந்த ஒரு விசாவைக் கொண்டு 29 நாடுகளுக்குச் செல்லலாம் என்பது ஆறுதல். விமானச் சீட்டு வாங்கிய பின் எஞ்சியது சொற்பமே. ஒரு நாள் விடுதி வாடகையை ரூபாயாக மாற்றிப் பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. ஆகவே, எங்கே தூங்குவது என்பதே என் பிரயாணத்தின் முதற் கேள்வியாயிற்று.

பாரிஸ் மாநகரில் அதற்கு விடை தந்தவர் என் தமையனாரின் பள்ளித் தோழர். 1980களின் பிற்பகுதியில் நாட்டை விட்டுச் சென்றவர்; உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். லா ஷப்பெல் பகுதியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. தம் கட்டிலை எனக்குத் தந்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் படுத்துக்கொண்டார். காலையில் இடியப்பமும் சொதியும். வீட்டை விட்டு வெளியே வந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். சிறிது தூரத்தில் 1985ஆம் ஆண்டில் அமைந்த மாணிக்க விநாயகர் ஆலயம். மட்டக்குளியை விட்டு வந்தேனா என்ற ஐயமே எனக்கு எழுந்தது.

நகரத்தைப் பெரும்பாலும் கால்நடையாகவே பார்த்தேன். 2019இல் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் தேவாலயத்தினுள் செல்லக் கட்டணம் இல்லை. தாகத்துக்கும் செலவில்லை. வீதியோரங்களில் நான்கு பெண்ணுருவங்கள் தாங்கி நிற்கும் பச்சை நிற நீரூற்றுகளில் போத்தலை நிரப்பிக்கொண்டேன். 1870-71 முற்றுகையால் நலிந்த பாரிஸில் ஏழைகளுக்கு நல்ல நீர் அரிதாயிருந்தது கண்டு, றிச்சர்ட் வொலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வர் 1872 முதல் தம் பணத்தில் நிறுவியவை அவை. நம் ஊர்த் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலும், கொழும்பின் வெசாக் தன்சலும் நினைவுக்கு வந்தன.

ஒரு நாள் மாலை, ஈபெல் கோபுரத்தில் ஏறிய அனுபவம் எப்படி என்று நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“தம்பி, தூரத்தில நிண்டு எத்தனையோ நாள் பார்த்திருக்கிறன். ஏறத்தான் நேரம் கிடைக்கேல்லை.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல்! மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். மின்தூக்கியை விடப் படிக்கட்டுக்குக் கட்டணம் குறைவு. இரண்டாம் தளம் வரை 674 படிகள். மூச்சு வாங்க மேலே ஏறியவர், நகரத்தின் அழகைப் பார்க்கவில்லை. தம் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தேடினார். பிறகு மெல்லிய குரலில், “அம்மாவைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம்” என்றார். அவருடைய தாயார் இறந்தபோது ஊர் செல்ல அவரால் இயலவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் பேசவில்லை.

நிற்க. பாரிஸிலிருந்து இரவுப் பேருந்தில் ஜேர்மனி சென்றேன். ஓரிரவு வாடகை மிச்சம். அங்கே லென்னே ஆற்றங்கரையிலுள்ள ஆல்டெனா என்னும் சிற்றூரைக் காண்பதே என் நோக்கம். காரணம், றிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர். 1909 ஆகஸ்டில் அவர் தம் மாணவரோடு நெடுநடைப் பயணம் சென்றபோது கடும் மழையும் இடியும் வழிமறித்தன. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் மேசைகளை ஒதுக்கி, வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். பிள்ளைகள் தூங்க, ஆசிரியர் விழித்திருந்தார். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பள்ளி அறைகள் ஊர் சுற்றும் ஏழை மாணவருக்கு ஏன் தங்குமிடம் ஆகக்கூடாது என்ற எண்ணம் அவ்விரவில் பிறந்தது. 1912இல் ஆல்டெனாக் கோட்டையில் முதலாவது நிலையான இளைஞர் விடுதி உருவாயிற்று. 1932இல் அதுவே பல நாடுகள் சேர்ந்த சம்மேளனமாக வளர்ந்தது. அப்பழைய மரக்கட்டில்களை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். அவற்றின் முன் நின்றபோது, ஆசிரியத் தொழில் செய்பவன் என்ற முறையில் சற்றே பெருமிதமும், அதைவிட அதிகமாக வெட்கமும் கொண்டேன். வெட்கத்தின் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அங்கிருந்து ஹம் நகரம் தொலைவில் இல்லை. தொழிற்சாலைகளுக்கிடையே 17 மீற்றர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் காமாட்சி அம்பாள் ஆலயக் கோபுரத்தைக் கண்டதும் கைகள் தாமாகவே குவிந்தன. 2002இல் குடமுழுக்குக் கண்ட இக்கோயில், 1989இல் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கியது. அகதியாக வந்த அடியாரோடு அம்பிகையும் கிடைத்த கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தாள் போலும்!

சிக்கனப் பிரயாணம் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் நான் மிச்சம் பிடித்தது ஏதுமில்லை. என் செலவைப் பிறர் ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவே. ஒருவர் நீரூற்று அமைத்தார். ஒருவர் விடுதிக்கு வழி வகுத்தார். ஒருவர் தம் கட்டிலையே தந்தார். யாழ்ப்பாணத்து வீதிகளில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் அமைத்த நம் முன்னோர் அறிந்திருந்த அறமும் இதுவேயன்றோ?

இனி, வெட்கத்தின் காரணம். பயணத்துக்கு முந்திய மாதம், மலையகத்துத் தகப்பனார் ஒருவர் என் வீடு தேடி வந்தார். கொழும்பில் படிக்க வரும் தம் மகனுக்குச் சில மாதங்கள் தங்க இடம் கேட்டார். “வீடு சிறியது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாரிஸ் நண்பரின் வீடு என் வீட்டில் பாதிகூட இராது.

ஊர் திரும்பிய மறுநாளே அவருடன் தொலைபேசியில் பேசினேன். என் புத்தக அலுமாரிகளை ஒதுக்கிய மூலையில் இப்போது ஒரு கட்டில் இருக்கிறது. இரவு வெகுநேரம் வரை அங்கே விளக்கு எரிகிறது. மாணவர்களே, உலகைக் காணப் புறப்படுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டிலும் ஒரு மூலையை ஒதுக்கி வையுங்கள்.