பினாங்கில் வளைந்த பந்து: பைஸ் சுப்ரியும் ஒரு கோலும்

புஸ்காஸ் விருது என்றதும் மாணவர்கள் மெஸ்ஸி, நெய்மார் பெயரைத்தான் சொல்வாங்க. 2016ஆம் ஆண்டு விருதுப் பட்டியலில் அந்த இருவரும் இருந்தார்கள். ஆனால் வாங்கியவர் நம் பினாங்கு அணிக்கு ஆடிய முகமட் பைஸ் சுப்ரி. கெடாவில் 1987இல் பிறந்தவர்.

ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா தரும் இந்த விருது, ஹங்கேரிய ஆட்டக்காரர் ஃபெரென்ஸ் புஸ்காஸ் பெயரில் 2009இல் தொடங்கியது. 16 பிப்ரவரி 2016 அன்று ஜோர்ஜ் டவுன் மாநகர அரங்கில் பகாங் அணிக்கு எதிரான சூப்பர் லீக் ஆட்டம். பைஸ் வெகுதூரத்திலிருந்து ஒரு ஃபிரீ கிக் அடித்தார். ஒரு பக்கமாகக் கிளம்பிய பந்து, நடுவழியில் மனம் மாறியதுபோல மறுபக்கம் திரும்பி வலையின் மேல் மூலையில் விழுந்தது. கோல் காவலர் பாவம், அவர் நகர்ந்தது பந்து முதலில் போன பக்கம்! பினாங்கு 4-1 என வென்றது. பொதுமக்கள் வாக்கில் ஏறக்குறைய 59 விழுக்காடு பைஸுக்கு விழுந்தது.

இனி, தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பந்து ஏன் வளைகிறது? "பெர்னோலி தத்துவம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அது போதாது. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் போலச் சுழன்றபடி பந்து முன்னே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் காற்று பந்தின் இரு பக்கமும் பின்னோக்கி ஓடும். பந்தின் வலப்பக்கப் பரப்பும் பின்னோக்கியே நகர்வதால் அங்கே காற்று கூடுதல் நேரம் ஒட்டிக்கொண்டு போகும். இடப்பக்கம் சீக்கிரமே பிரிந்துவிடும். ஆக, பந்துக்குப் பின்னால் காற்று இடப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பந்து வலப்பக்கம் தள்ளப்படும். இதுதான் மேக்னஸ் விளைவு. 1997இல் பிரான்சுக்கு எதிராக பிரேசிலின் ரொபர்ட்டோ கார்லோஸ் அடித்த கோலுக்கு இதே விளக்கம்தான், திசை மட்டும் எதிர்.

சுழற்சியே இல்லாமல் அடித்தால் கதை வேற. தையலின் மேடு பள்ளத்தால் காற்று பிரியும் இடம் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. நொடிக்கு நொடி மாறும். விசையின் திசையும் கூடவே மாறுவதால் பந்து தள்ளாடும். ஆசிரியர்களே, பைஸின் காணொளியை மெதுவாக ஓட்டிக் காட்டுங்க. பந்து எவ்வளவு சுழலுது, எந்த இடத்தில் திரும்புதுன்னு மாணவர்களே பார்த்து, எந்த விளக்கம் பொருந்தும் என்று காரணத்தோடு எழுதட்டும். நல்ல உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி இது.

மொழிப் பாடத்துக்கும் இதில் வேலை இருக்கு. ஜெர்மனியின் கெர்ட் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல், புண்டெஸ்லிகாவில் 365, 1974 உலகக் கிண்ண இறுதியின் வெற்றிக் கோலும் அவருடையதே. கோல் வாசலருகே புரண்டு திரும்பி, கிடைத்த பந்தைத் தட்டிவிட்டவைதான் நிறைய. அவரைப் பற்றி எழுத எண்ணிக்கை வேண்டும். பைஸைப் பற்றி எழுத அந்த ஒரு உதை வேண்டும். இருவருக்கும் "பிறந்தார், ஆடினார், வென்றார்" என்று ஒரே அச்சில் கட்டுரை வார்த்தால் இரண்டுமே செத்துப்போகும்.

விருது விழாவையும் விட்டுவிடாதீங்க. 9 ஜனவரி 2017, சூரிக் நகரம். பிரேசிலின் ரொனால்டோ கையால் விருது வாங்கிய பைஸ், கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்த உரையை மேடையிலேயே தேடினார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தடுமாறினார். அப்புறம் பேசி முடித்தார். வாய்மொழித் தேர்வுக்கு முன் கை நடுங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

அதே 2017 பருவத்தில் பினாங்கு அணி சூப்பர் லீகில் கடைசி இடத்துக்குப் போய்த் தரமிறங்கியது. கட்டுரையில் அந்த வரியும் இருக்கட்டும்.